சடையன் தூக்கிப்போன ஆள்

எங்கள் விடுதியில் துணி துவைக்கும் அக்காவைத் தேடி வருகிறவர்கள் துணியைப் பற்றிப் பேசுவதே இல்லை. "உங்க வீட்டுக்காரரத்தானே சடையன் தூக்கிட்டுப் போச்சு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அக்கா கையிலிருந்த சோப்பு நுரையை வழித்துவிட்டு, "அப்படித்தான் சொல்றாங்க" என்பார். அடுத்த துணியை எடுத்துக் கல்லில் அடிப்பார்.

சடையன் என்பது எங்கள் காட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் ஆள்குரங்கு. இரண்டு காலில் நடக்குமாம், உடம்பெல்லாம் செம்பட்டை மயிராம். மனிதக் குரலை ஒருமுறை கேட்டால் போதுமாம், அதே குரலில் கூப்பிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். பார்த்தவன் ஒருத்தனும் இல்லை. பார்த்தவனைத் தெரிந்தவன் தெருவுக்கு நாலு பேர். அதனால் மரம் வெட்டுகிறவர்கள் காட்டுக்குள் வாயைத் திறக்க மாட்டார்கள். எல்லாம் விசில்தான். ஒரு விசில் என்றால் வா, இரண்டு என்றால் நில்.

அக்காவின் கணவரும் அக்காவின் கூடப்பிறந்த தம்பியும் சேர்ந்துதான் மரம் வெட்டப் போவார்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள் தம்பி மட்டும் திரும்பி வந்தான். சடையன் தூக்கிப் போய்விட்டது என்றான். அவர்களை மரம் வெட்ட அனுப்பிய முதலாளியும் ஆமாம் சாமி போட்டார். அவர்கள் வெட்டியது வெட்டக் கூடாத காடு என்று எனக்கே தெரியும், அக்காவுக்குத் தெரியாதா? காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கணவர் உயிரோடு இல்லை என்பதை அக்கா என்றைக்கோ ஏற்றுக்கொண்டார். எங்கே கிடக்கிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று தம்பியின் காலைக்கூடப் பிடித்தார். அந்தக் கல்லுளிமங்கன் வாயைத் திறக்கவில்லை.

பிறகு முதலாளி மரத்தை விட்டுவிட்டு விடுதி கட்டினார். தம்பி வழிகாட்டி ஆனான். 'சடையன் நடை' என்று காலையும் மாலையும் ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனான். வாசலில் டிக்கெட் கிழிப்பவன் நான்.

போன மாதம் தங்கியிருந்த ஒரு பெண் துணியைக் கொடுக்கும்போது, "அந்த கைடு ஒரு இடத்துல மட்டும் மிதிக்காதீங்கன்னு கத்துறாரு, சுத்திக் கூட்டிட்டுப் போறாரு" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் அக்கா என்னிடம் வந்து டிக்கெட் வாங்கினார். கூட்டம் அதிகம் என்பதால் கடைசி ஆளாக நானும் போனேன்.

இற்றுப்போன ஓர் அடிமரத்தின் பக்கத்தில் தம்பி எல்லாரையும் சுற்றி வரச் சொன்னான். அக்கா நகரவில்லை.

"இங்கயாடா?"

"அக்கா, வெளிய போய்ப் பேசிக்கலாம்."

"இங்கயான்னு கேட்டேன்."

அவன் அடிமரத்தைப் பார்த்தபடியே சொன்னான். "மரம் தப்பான பக்கம் சாஞ்சிருச்சுக்கா. மச்சான் எதிர்ல வந்துட்டிருந்தாரு. நிக்கட்டும்னு ரெண்டு விசில் அடிச்சேன். மரம் விழற எடத்துலயே நின்னுட்டாரு. ஓடுன்னு சொல்ல எங்ககிட்ட விசிலே இல்லக்கா. வாய் விட்டுக் கத்தியிருக்கலாம். சடையனுக்குப் பயந்து கத்தாம இருந்துட்டேன்."

அக்கா அந்த மண்ணில் விழுந்து கதறினார். நான் சாவு வீடுகளில்கூட அப்படியொரு அழுகையைக் கேட்டதில்லை. அப்புறம் யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. மறுநாள் அக்காவைக் கூப்பிட்டார். சீட்டுக் கிழியப் போகிறது என்று நினைத்தேன்.

"தினமும் ரெண்டு வேளை அங்க வந்து உக்காரும்மா. துணி துவைக்க வேற ஆள் பாத்துக்கறேன்."

"தோண்டி எடுக்க விடுங்க, ஐயா."

"தோண்டினா உள்ள போறது உன் தம்பிதான். யோசிச்சுக்கோ."

அவர் முகத்தில் காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா சரியென்று தலையை ஆட்டினார். கணவர் பக்கத்தில் உட்கார அவருக்கு வேறு வழி இல்லை. காட்டுப் பாதைக்குக் கேட் போட்டுச் சாவியை வைத்திருப்பது முதலாளி.

நேற்று, இரண்டாம் முறையாக வந்த ஒருவர் வாசலில் என்னிடம், "போன தடவை அந்தம்மா இன்னும் நல்லா அழுதாங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"சொல்லிடறேன் சார்" என்றேன்.