பஞ்சர் கடைக்காரர் செய்த டயர்

பந்தல்குடி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த அந்த மனிதரை நான் நம்பியதே இல்லை. எண்பதுகளில் வாடகை அம்பாசிடர் ஓட்டினேன். அவர் கடையை நெருங்கும்போதுதான் என் டயர் பஞ்சராகும். ஒல்லியான ஆள். பிடுங்கிய ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ரோட்டில் ஆணி போடுவதே அவர்தான் என்று நினைத்தேன்.

ஒருநாள், பஞ்சரானாலும் ஓடும் டயர் செய்திருப்பதாகச் சொன்னார். ரிம்மைச் சுற்றி உள்ளே கெட்டி ரப்பர் வளையம். காற்று இறங்கினால் வண்டி அதன்மேல் நிற்குமாம்.

“பஞ்சர் ஒட்டுறவரு இதச் செஞ்சா யாருண்ணே நம்புவா?” என்றேன்.

அவர் அந்த டயர் போட்ட சக்கரத்தை என் வண்டியில் மாட்டி, கண்ணெதிரே ஆணி அடித்துப் பிடுங்கினார். காற்று சீறிக்கொண்டு போனது.

“ஓட்டுங்க தம்பி, நானும் வாரேன்.”

முதலாளியின் வண்டி என்பதால் மெதுவாகவே ஓட்டினேன். குலுங்கினாலும் அருப்புக்கோட்டை வரை ஓடியது. இறங்கித் தொட்டால் டயர் கொதித்தது.

“இத வித்தா உங்க கடைக்கு யாருண்ணே வருவா?”

“சூடு கொறையணும். பெறகுதான் விப்பேன்.”

கேட்டதற்கு அது பதிலில்லை. டிக்கியில் போட்டு வந்த என் பழைய சக்கரத்தை மாட்டிவிட்டு, தன்னுடையதை உருட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அந்த மனிதரை நம்பியிருக்கலாமா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.