சூனியக்காரியின் பக்கம்

பாறசாலையை அடுத்த ஒரு மிஷன் பள்ளியில் தமிழ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே மலையாள வகுப்பு எடுத்த டீச்சரும் நானும் ஒரே வாடகை வீட்டில் தங்கியிருந்தோம். இரண்டு பேரும் அப்போது கல்யாணம் ஆகாத பெண்கள். என் ஊர் விளவங்கோடு பக்கம், அவளுடைய ஊர் பூவார். அவள் தமிழ் தடையில்லாமல் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அதனால் பள்ளி விட்டு வந்ததும் நான் கதை வாசிப்பேன். அவள் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்து நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாங்கள் வாசித்தது ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு மந்திரக் கதை. நாகர்கோவிலில் வேலை பார்த்த என் அண்ணன் ஒவ்வொரு பாகமாக வாங்கி, பழைய துணியில் பொதிந்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். கடலில் ஏழு தீவுகள். ஆதியில் ஒன்றாக இருந்த நெருப்பை ஒரு ராஜா கோபத்தில் ஏழாகப் பிரித்து, தீவுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுகிறான். அன்று முதல் சூரியன் மங்கிக்கொண்டே வருகிறது. ஒரு படகோட்டியின் மகள் தீவு தீவாகப் போய் அந்த நெருப்பைச் சேர்க்கிறாள். ஆறு தீவுக்காரர்கள் தந்துவிடுகிறார்கள். ஏழாம் தீவைக் காக்கும் சூனியக்காரி மட்டும் தர மறுக்கிறாள்.

நாங்கள் வாசித்து முடித்த பாகம் எதிரே இருந்த ஆஸ்பத்திரியின் கம்பவுண்டருக்குப் போகும். குன்னத்துகாலில் இருந்து சைக்கிளில் வருகிறவர். அவருக்கு யுத்தம் மட்டும்தான் வேண்டும்.

"ரெண்டாம் பாகம் வெறும் கஞ்சித்தண்ணியாக்கும், டீச்சரே. எம்பது பக்கம் படகுல போறா. ஒருத்தனும் சாகல்ல" என்றார்.

எனக்கோ அந்த எண்பது பக்கமும் உயிர். கடலும் நட்சத்திரமும் அந்தப் பெண்ணின் தனிமையுமாக அதை இரண்டு தடவை வாசித்திருந்தேன். சர்ச்சின் உபதேசியார் முதல் பாகத்தை வாங்கிப் போய், "பேசுற பறவ இருந்துட்டுப் போவட்டு. சூனியக்காரிக்கு எதுக்கு இவ்வளவு அழகு?" என்று முகம் சுளித்துத் திருப்பித் தந்தார். அடுத்த வாரமே இரண்டாம் பாகம் உண்டுமா என்று கேட்டு வந்தார்.

நாலாம் பாகத்தில்தான் எங்கள் வீட்டுக்குள் சண்டை வந்தது.

"அவ ஏன் குடுக்கணும்?" என்றாள் தோழி. "அவளுக்க தீவுல குளிரு தாங்காத பிள்ளைய உண்டு. ஒருத்தி படகுல வந்து கேட்டா உடனே எடுத்து நீட்டணுமா?"

"அப்பம் எல்லாருக்கும் வெளிச்சம் வேண்டாமா?"

"வெளிச்சம் கேக்க வந்தவ, ஒனக்கு என்ன பாடுன்னு அவளுட்ட ஒரு வாட்டி கேட்டாளா? அப்பிடி ஒரு பக்கம் நீ வாசிச்சு நான் கேக்கல்லியே."

அவளிடம் தோற்ற எரிச்சலில்தான் மறுநாள் இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் அதைக் கம்பவுண்டரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். "நம்ம டீச்சர் சூனியக்காரிக்க பக்கமாக்கும்."

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம் அது. தமிழ் பேசும் தாலுகாக்கள் மெட்ராஸ் மாநிலத்தோடு சேரவேண்டும் என்று ஊர்வலங்களும் கூட்டங்களும் நடந்தன. எங்கள் பகுதியில் ஒரே அடுக்களையில் இரண்டு பாஷையும் புழங்கும். அப்படியிருந்தும், யார் எந்தப் பக்கம் என்று ஆட்கள் ஒருவரை ஒருவர் அளந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கம்பவுண்டர் நான் சொன்னதை டீக்கடையில் சொல்லியிருக்கிறார். பிரிந்ததைச் சேர்க்கக்கூடாது என்று மலையாளத்து டீச்சர் சொல்கிறாள் என்பதாக அது ஒரே வாரத்தில் உருமாறி ஊரைச் சுற்றியது.

ஒரு காலையில் தோழி என் வகுப்பு வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். போனேன். அவளுடைய கரும்பலகையில் யாரோ பெரிதாகத் தமிழில் எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் தலையைக் குனிந்திருந்தார்கள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

நான் அதைத் துடைக்கத் துணியை எட்டினேன்.

"வாசி. நீதானே எனக்கு வாசிச்சு தாறவ."

"சூனியக்காரி டீச்சர்" என்று வாசித்தேன்.

அவள் துணியை எடுத்துப் பலகையை மூலை முடுக்கு விடாமல் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இத நான் உன்னட்ட மட்டுமாக்கும் சொன்னது" என்றாள். சாக்பீஸை எடுத்துப் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டிலும் அவள் சண்டை போடவில்லை. சோறு வைத்தாள், எனக்கும் பரிமாறினாள். நான் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விடுவாள். அந்த வாரக் கடைசியில் ஹர்த்தால் என்று பள்ளியை மூடினார்கள். அவள் பூவாருக்குப் போனாள். அதற்கு மறுநாள், பஸ்கள் ஓடாமல் நின்றுபோவதற்கு முன்னால் வந்த கடைசி வண்டியில் ஐந்தாம் பாகம் வந்து சேர்ந்தது.

முதல் பாகம் வந்த நாளிலிருந்து இந்த முடிவுக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன். ஆனாலும் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஆளில்லாத அடுக்களையில் ஒரு பத்தியை உரக்க வாசித்துப் பார்த்தேன். குறுக்கே பேச ஆளில்லாமல் அந்தக் கதை உப்பில்லாத கூட்டான்கறி மாதிரி இருந்தது. மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் காலையில் புத்தகத்தை முந்தானையில் பொதிந்துகொண்டு பூவாருக்கு நடந்தேன்.

உச்சக்கடை தாண்டியதும் ஹர்த்தாலுக்காக ரோட்டை மறித்து நின்ற இரண்டு இளைஞர்கள் தடுத்தார்கள்.

"எங்க போறிய?"

"பூவாருக்கு. ஒரு புஸ்தகம் குடுக்க."

ஒருவன் வாங்கிப் பார்த்தான். அட்டையைக் கண்டதும் அவன் முகம் மாறியது. "இது அஞ்சாம் பாகமில்லியா. சூனியக்காரி நெருப்ப குடுத்தாளா?"

"தெரியாது. இன்னும் வாசிக்கல்ல."

"குடுப்பா பாருங்க" என்றான் அவன். "குடுக்க மாட்டா" என்றான் மற்றவன். அவர்கள் தமக்குள் தர்க்கம் தொடங்க, நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

தோழி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழுந்திருக்கவில்லை.

"கம்பவுண்டருட்ட நான்தான் சொன்னேன்" என்றேன். "சிரிக்கதுக்கு சொன்னேன். அது தப்பு."

"எனக்கு அன்னைக்கே தெரியும்." தூசி படிந்த என் கால்களைப் பார்த்தாள். "நடந்தா வந்தே?"

"பஸ் இல்ல."

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். "இன்னைக்கு போவாண்டாம் மக்கா. மீன்கறி உண்டு. தின்னுட்டு வாசி" என்றாள்.

இரண்டு பகல் வாசித்தேன். கடைசியில் சூனியக்காரி, வேறு வழி இல்லாமல் ஆனதும், தன் நெருப்பைக் கடலில் எறிந்துவிடுகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன். அவள்மேல் அத்தனை இரக்கம் வந்தது. தோழிக்கோ கோபம்.

"இது தப்பு. குடுக்காம இருக்கது வேற, இல்லாமலாக்குகது வேற."

"அவளுக்கு வேற என்ன வழி?"

"நாலாம் பாகத்துல நீ இத சொல்லியிருக்கணும்" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

பள்ளி திறந்ததும் அவள் தன் வகுப்பில் முழுக் கதையையும் தினம் அரை மணி நேரமாக மலையாளத்தில் சொன்னாள். அடுத்த அறையிலிருந்து கேட்டால் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சத்தம் போடுவது தெரியும். கரும்பலகையில் அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை.

ஐந்தாம் பாகத்தைத் திருப்பித் தர வந்த கம்பவுண்டர் வாசலிலேயே நின்றார். "டீச்சரே, நான் அத வெளிய சொல்லியிருக்கப்படாது. சூனியக்காரி பக்கத்துலயும் ஞாயம் உண்டு."

"நாலாம் பாகம் வரைக்கும் உண்டு. அஞ்சுல இல்ல" என்றாள் தோழி. "யுத்தத்த மட்டும் வாசிச்சா எப்பிடி மனசிலாவும்? உள்ள வந்து இரிங்க. சாயா இடுதேன்."

பிறகு எல்லை முடிவானது. என் ஊர் மெட்ராஸ் மாநிலத்துக்குப் போனது. பாறசாலையும் பூவாரும் கேரளத்தில் நின்றன. நான் என் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கு வேலை மாறினேன். அவளைப் பூவாரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். ஆனாலும் பெரிய லீவு விட்டால் ஏதாவது ஒரு புது நாவலோடு அங்கே போய்விடுவேன். அவளுடைய மூன்று பெண்களும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மூத்தவள், "மாமி, அவன் செய்தது செரியில்ல" என்பாள். நடுவிலவள் இல்லை என்பாள். அடுக்களையிலிருந்து அவர்கள் அம்மா, நான் வாசித்ததையே இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வாள்.