கத்துக்குட்டி என்றால் கேவலமா?

போன செவ்வாய்க்கிழமை ரப்பர் மரத்தடியில் நின்று ஒருவரோடு சண்டைக்குத் தயாரானேன். நானா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம்கூடக் குரல் உயர்த்தாத டீச்சர் என்று பெயர் வாங்கியவள்!

ஒற்றசேகரமங்கலத்தில் மாமனார் வழியில் என் பெயருக்கு வந்த அறுபது ரப்பர் மரம் உண்டு. பால் வெட்டிக்கொண்டிருந்தவர் விசா கிடைத்து கல்ஃப் போய்விட்டார். தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டு ரோசம்மாள் வந்து கேட்டாள்.

"எக்கா, முந்திரிக் கம்பெனிய பூட்டி மூணு மாசமாச்சு. வெட்டு நான் படிச்சுக்கிடுதேன். மரத்த எனக்குத் தாரியளா?"

சரி என்றேன். ஒரு மாதம் அவள் மாமா வீட்டு மரங்களில் பழகிவிட்டு வந்தாள். முதல் நாளே, என் கண்ணெதிரிலேயே, ஐந்தாவது மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. பட்டையைத் தாண்டி உள்மரம் தெரிந்தது. ரோசம்மாள் முகம் வெளிறிவிட்டது.

இதற்கென்றே காத்திருந்ததுபோல வேலிக்கு அந்தப் பக்கம் தங்கப்பன் நின்றார். அடுத்த தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். எங்கள் மரங்கள் மேலும் அவருக்கு ஒரு கண் உண்டு.

"கத்துக்குட்டி கையில கத்தியக் குடுத்தா இப்படியாக்கும் டீச்சரே! இது பெண்ணுங்களுக்க பணியில்ல. நாளைக்கு நான் வாறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சொல்லை இப்படியா வீசுவது? அகராதியைப் புரட்டுங்கள் — கற்றுக்குட்டி. கற்றுக்கொண்டிருக்கிற குட்டி, அவ்வளவுதான். பேச்சில் கத்துக்குட்டி ஆகிவிட்டது. அரைகுறை என்றும் அங்கே ஒரு பொருள் போட்டிருக்கும். அது நாம் ஏற்றிவைத்த ஏளனம். கையில் கத்தியோடு பிறந்தவர் யார் ஐயா?

இதையெல்லாம் நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ரோசம்மாள் முந்திக்கொண்டாள். விறுவிறுவென்று நடந்துபோய் வரிசையின் கடைசி மரத்தைத் தொட்டாள். பட்டையெல்லாம் முண்டும் முடிச்சுமாக வீங்கிக் கிடந்தது. கத்தி ஆழமாகப் பட்ட இடத்தில் புதுப்பட்டை அப்படித்தான் வளரும். மரம் இருக்கிற வரைக்கும் அது மறையாது.

"இந்த முண்டெல்லாம் யாரு போட்டது அண்ணா? நீங்க வெட்டு படிச்சது இந்த மரத்திலதான்னு உங்க வீட்டு அக்காதான் சொன்னாவ."

தங்கப்பன் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது... அப்பம் நான் புதுசுல்லா?"

"நானும் புதுசாக்கும்!"

அவர் எங்கள் மரத்தில் பழகிய அந்தக் காலத்தில் அவரை யாரும் நிறுத்தவில்லை. அப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட என் மாமனார் கத்தியை மறுபடி அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார். ஆண் தவறு செய்தால் பழகுகிறான். பெண் செய்தால் அவள் வேலைக்கே லாயக்கில்லை... இது எந்த ஊர் நியாயம்?

மரத்தைப் பாழாக்கப் போகிறாய் என்று வீட்டில் ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள். சொல்லட்டும். நாளையும் ரோசம்மாள்தான் வெட்டுவாள். இன்னும் பத்து முண்டு விழுந்தாலும் விழட்டும் — மரம் என்னுடையது!