சவுக்குத் தோப்பை வெட்டிய வாரம்

வயர்லெஸ்ஸில் நான் சொன்னது இவ்வளவுதான்: "காத்து இல்லம்மா, இறங்கலாம்."

அதை நம்பி மீனா என்ற பயிற்சி மாணவி, தனியாக ஓட்டிவந்த இரண்டு சீட் விமானத்தை இறக்கினாள். சக்கரம் தரையைத் தொடும்போது மேற்கிலிருந்து அடித்த குறுக்குக் காற்று இடது இறக்கையைத் தூக்கிவிட்டது. வலது இறக்கை தரையில் உரசியது. விமானம் ரன்வேயை விட்டு மண்ணில் ஓடி, முன்சக்கரம் மடங்கி நின்றது.

பிள்ளைகளே, திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் உள்ள அந்த ரன்வேயில் நான் ஒருவன்தான் வேலைக்கு. மாடு வந்தால் விரட்டுவேன். கம்பத்தில் கட்டிய துணிப்பை எப்படி ஆடுகிறது என்று பார்த்து, வருகிற விமானத்துக்குக் காற்றைச் சொல்வேன். வாரத்துக்கு இரண்டு மூன்று விமானம் வந்தால் அதிகம். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வேன். காலையிலிருந்து யாரிடமும் பேசியிருக்க மாட்டேன்.

ரன்வேக்கு மேற்கே நீளமாகச் சவுக்குத் தோப்பு. அந்த வாரம் அதில் தெற்குப் பாதியை வெட்டினார்கள். வெட்ட வந்தவர்களோடு நான்கு நாள் உட்கார்ந்து சாப்பிட்டேன். லாரி ஏறும்போது ஒரு அம்மா, "தனியா குந்திக்கினு மாட்டுகிட்டதான் பேசுவ போல. எங்ககூட வந்துடுண்ணா" என்று கிண்டல் செய்தார். அவர்கள் போனதும் இடமே வெறிச்சென்று ஆகிவிட்டது.

மறுநாள்தான் மீனா வந்தாள். என் துணிப்பை, வெட்டாத வடக்குப் பாதியின் மறைவில் அசையாமல் தொங்கியது. அவள் தரை தொட்டது தெற்கு முனையில். அங்கே காற்றை மறைக்க மரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் புத்தியில் ஏறவில்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். காயமில்லை. சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் சரியா பிடிக்கல, இல்லண்ணா?" என்றாள்.

நான் மடங்கிய முன்சக்கரத்தைப் பார்க்கக் குனிந்துவிட்டேன்.

அவள்மேல்தான் தப்பு என்று எழுதினால் பயிற்சியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. விழுப்புரத்தில் விசாரணை. வாசலிலேயே, எனக்குச் சம்பளம் கொடுக்கிற ரன்வே மேனேஜர் என்னை ஓரம் கட்டினார். "பை தொங்கினு இருந்துச்சு, அதத்தான சொன்ன? அதோட நிறுத்திக்க."

உள்ளே போய் அதைத்தான் முதலில் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் மீனா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் மீதியையும் சொன்னேன்.

"சார், தோப்புல பாதிய வெட்டிட்டாங்க. எனக்குத் தெரியும். நான் சொல்லல."

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிறுத்திவிட்டு, ஒரு தாளைக் கொடுத்து வரைந்து காட்டச் சொன்னார். ரன்வே, தோப்பு, கம்பம் எல்லாம் போட்டேன். வெட்டிய தெற்குப் பாதியைக் குறுக்கே அடித்துக் காட்டினேன்.

குறுக்குக் காற்றில் இன்னும் பழக வேண்டும் என்று சொல்லி மீனாவைத் தொடர விட்டார்கள். வயர்லெஸ்ஸை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்தேன். சுற்றிலும் என்ன மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வேலை. நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் இதை மறக்காதீர்கள்.

இப்போது ரன்வே ஓரம் புல் வெட்டுகிறேன். காற்றைப் பற்றி யாரும் என்னைக் கேட்பதில்லை. ஆனாலும் விமானச் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்திவிடுவேன். மூன்று சக்கரமும் தரையில் உருளும்வரை அப்படியே நிற்பேன்.