இரத்தோட்டை பஸ் வரும்வரை

கலையவிருந்த எங்கள் தன்னார்வ நாடக மன்றத்துக்குப் புதுப் பெயர், புதுச் சின்னம், ஆளுக்கொரு பொறுப்பு என உயிர் கொடுத்திருந்தோம். குறித்த நேரத்தில் திரையைத் திறப்பது என் பொறுப்பு.

மாத்தளையில் முதல் மேடையேற்றம். நேரமாகியும், நடிக்கும் பிள்ளைகளின் தாய்மார் இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்துசேரவில்லை. காத்திருந்தவர்களிடம் தயங்கியபடி அதைச் சொன்னேன்.

முன்வரிசையில் முகமறியாத ஒரு பெண் எழுந்தார். "பறிச்ச கொழுந்தத் தராசுல நிறுத்துட்டுத்தானேம்மா பஸ் ஏறுவாங்க? பெத்தவங்க பாக்காம என்ன நாடகம்? நாங்க இருக்கோம்."

"வீட்டுக்குப் போயி மட்டும் என்னத்தக் கிழிக்கப் போறோம்?" என்றார் பக்கத்திலிருந்தவர். அரங்கம் சிரித்தது, எவரும் போகவில்லை.

தாய்மார் வந்தமர்ந்த பிறகே திரையைத் திறந்தேன்.

இப்போது எங்கள் சுவரொட்டிகளில் மணி குறிப்பதில்லை. 'இரத்தோட்டை பஸ் வந்ததும் ஆரம்பம்' என்றே அச்சிடுகிறோம். பெயர் கேட்க மறந்த அந்தப் பெண்ணை ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் நன்றியோடு தேடுகிறேன்.