ஏழாம் எண் கிணறு

அயர்லாந்தின் கால்வே நகரத்துக்கு வந்த முதல் வாரம், பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு புத்தகத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் நீட்டிவிட்டு நின்றேன். நூலகர் மொய்ரா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அழகான கையெழுத்து" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு மறுபடியும் நின்றேன். உள்ளே போய் நானே எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. இங்கே வரத் தயாராகும் நம்மூர்ப் பிள்ளைகள் சிரிக்கட்டும். செங்கல்பட்டுக்கு வெளியே நான் படித்த கல்லூரியில் புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன, சாவி அட்டெண்டரிடம் இருந்தது. அவர் சாப்பிடப் போனால் எங்கள் படிப்பும் சாப்பிடப் போய்விடும்.

அங்கே ஆராய்ச்சி என்றால் சீனியரின் ரிப்போர்ட்தான். புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவிலேயே இருந்த செல்வி அக்கா எனக்கு இரண்டு வருடம் மூத்தவள். நிலத்தடி நீர் பற்றிய தன் ப்ராஜெக்ட்டைப் பென் டிரைவில் போட்டு வீடு தேடி வந்து கொடுத்தாள். "இந்தா, எட்துக்கோ. பேரை மட்டும் மாத்திக்க." அந்த வயதில் அதைவிடப் பெரிய அன்பை நான் கண்டதில்லை. பேரை மாற்றினேன், பாஸ் ஆனேன்.

இங்கே முதல் கட்டுரைக்கும் அதிலிருந்தே நான்கு பக்கம் எடுத்துச் சேர்த்தேன். காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அந்த நான்கையும் சிவப்பாக்கிக் காட்டியது. பேராசிரியர் கூப்பிட்டு யாருடையது என்று கேட்டார். "திருடவில்லை, அக்கா கொடுத்தாள்" என்றேன். "உன் அக்கா எழுதியதா?" "கூடப் பிறந்த அக்கா இல்லை." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இன்னொரு முறை நடந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று சொல்லி மொய்ராவிடம் அனுப்பினார்.

மொய்ரா திட்டவில்லை. அந்த ரிப்போர்ட்டின் ஒவ்வொரு பக்கமும் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பைப் பிடித்து அடுத்த கட்டுரைக்கு எப்படிப் போவது என்று வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் உண்மையான சொந்தக்காரர்கள் கிடைத்தார்கள். ஒரே ஒரு பக்கம் மட்டும் எதிலும் சிக்கவில்லை. புதுப்பட்டினத்துப் பன்னிரண்டு வீட்டுக் கிணறுகளில் உப்பு எவ்வளவு என்ற அட்டவணை அது. ஏழாம் எண் எங்கள் வீடு: குடிக்கலாம். அப்போதுதான் நினைவு வந்தது. தண்ணீரின் உப்பை அளக்க இரவல் வாங்கிய மீட்டரோடு வேகாத வெயிலில் வந்த செல்வி அக்காவுக்கு அம்மா மோர் கொடுத்தாள். "வேறெங்கும் இல்லையென்றால் இது அவளுடையது" என்றார் மொய்ரா. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பேரை மாற்றியது அந்தப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

இப்போது என் ஆய்வேட்டில் அந்த அட்டவணை செல்வி அக்காவின் பேரோடு இருக்கிறது. போன மாதம் அவள் தங்கை தீபா, அதே கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவள், போன் செய்தாள்.

"உன் புது ரிப்போர்ட்ட அனுப்புக்கா. பேரு மட்டும் மாத்திக்கறேன்."

முடியாது என்றேன்.

"எங்க அக்கா உனுக்குக் குட்தா இல்ல? ஃபாரின் போயி ரூல்ஸ் பேசிக்கினு கீற."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஊர்க் கணக்கில் நான் நன்றி கெட்டவள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பி, "இது உங்க அக்கா அளந்தது. நீ மறுபடி போய் அள. உன் பேரையும் போடறேன்" என்றேன். முனகிக்கொண்டே மீட்டர் வாங்கப் போனாள்.

நேற்று கிணறுகளிலிருந்து கூப்பிட்டாள். பழைய எண்களைவிட எல்லாமே ஏறியிருக்கிறதாம்.

"ஏழாவது உங்க வூடு. கேட்டுல பூட்டு தொங்குது. இன்னான்னு எழுதட்டும்?"

அப்பாவும் அம்மாவும் தம்பியோடு சென்னைக்குக் குடிபோய் ஒரு வருடம் ஆகிறது. "ஒரு கோடு போடு" என்றேன். மொய்ரா சொல்லிக் கொடுத்தபடி, இல்லாததை இட்டுக்கட்ட முடியாது. என் ஆய்வேட்டின் புதிய அட்டவணையில் பதினொரு கிணறுகளுக்கு எண் இருக்கிறது. ஏழாவதற்கு நேரே ஒரு கோடு. அடிக்குறிப்பை நானே தட்டச்சு செய்தேன்: வீட்டார் ஊரில் இல்லை.