சாவிக்காரருக்கு ரூம் இல்லை

ஆயுசு முழுக்க ஒரு லாட்ஜ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ரூம் கொடுத்த மனிதர் அவர். அங்கே அவருக்குப் பெயரே கிடையாது. முதலாளிக்கும் சாவிக்காரர், மாடிப்படி துடைக்கிற அம்மாவுக்கும் சாவிக்காரர். பிடிவாதமான ஒரு வழக்கம் அவருக்கு உண்டு. பலகையில் தொங்குகிற கடைசிச் சாவியை மட்டும் லேசில் எடுத்துக் கொடுக்க மாட்டார். "நேரங்கெட்ட நேரத்துல எவனாவது பொண்டாட்டி புள்ளையோட வந்து நிப்பான். அவனுக்கு என்ன பதில் சொல்றது?" என்பார். முதலாளி தலைதலையாய் அடித்துக்கொண்டும் இவர் கேட்கவில்லை.

அப்படி நேரங்கெட்ட நேரத்தில் வந்து நின்றவர்களில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்தச் சாவியை இல்லையென்றார். அது அவர் பெற்ற மகள். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மழையில் நனைந்த பெட்டியும் புருஷனுமாக நேரே லாட்ஜுக்கு வந்து நின்றாள்.

"வீட்டுக்கு வரலப்பா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தங்கிக்கிறோம்."

"ரூம் இல்ல."

குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை. அவள் பலகையைப் பார்த்தாள். சாவி தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று மனைவி கண்ணை மூடும்வரை திட்டினாள். நன்றாக வேண்டும் அவருக்கு. அது போதாதென்று, மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "எனக்கு ஒரே பையன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தார். சம்பந்தி வீடும் நம்பியது. வந்த மருமகளும் நம்பினாள்.

இப்போது வேலையும் இல்லை, மனைவியும் இல்லை. மகன் வீட்டில், கொல்லைப்பக்க அறையில் இருக்கிறார். மருமகளுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. கொஞ்ச நாளாக அவளுடைய மீட்டிங் பாதியில் பாதியில் அறுந்து போனது. ஒரு நாள் மத்தியானம் மகன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ரவுட்டரோடு மல்லுக்கு நின்றான்.

"என்னடா பண்றே?"

"உங்க லாட்ஜ் கணக்குதாம்ப்பா. ரவுட்டர்தான் இங்க சாவிக்காரர். ஒவ்வொரு போனும் வந்து கேட்கும், இது ஐ.பி.ன்னு ஒரு நம்பர் குடுக்கும். நம்பர் இல்லாம நெட்டு கிடைக்காது. பிரின்டருக்கு நான் கையால போட்ட நம்பரையே இது அவ லேப்டாப்புக்கும் குடுத்துத் தொலைச்சிருக்கு. அதான் தகராறு. இனிமே வீட்டுல இருக்கிற எல்லாத்துக்கும் நிரந்தரமா ஒண்ணு."

சாவிக்காரருக்கு டக்கென்று பிடிபட்டது. ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் கொடுத்தால் அடிதடி வராமல் என்ன செய்யும்! ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். டிவிக்கு ஒன்று, வாசல் கேமராவுக்கு ஒன்று, தரை கூட்டுகிற மிஷினுக்குக்கூட ஒன்று.

"என் போனுக்கு?"

மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க வந்துபோறவங்க கணக்குலப்பா. அதுக்குன்னு நாலு விட்டிருக்கேன். காலியா இருந்தா கிடைக்கும்."

"நாலுதானா?"

"அதுவே ஜாஸ்தி. பக்கத்து வீட்டுப் பசங்க பாஸ்வேர்டு தெரிஞ்சுக்கிட்டு ஓசியில படம் பாக்கறானுங்க. ஒரு மணி நேரம் ஆளைக் காணோம்னா நம்பரைப் பிடுங்கி அடுத்த ஆளுக்குக் குடுத்துடும்."

வந்துபோகிறவன்! கூட்டுகிற மிஷின் குடியிருக்கிறதாம், பெற்ற அப்பன் வந்துபோகிறானாம். ஏதோ வாயில் வந்ததைச் சொன்னான், மனசில் ஒன்றும் இல்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். மனசில் ஒன்றும் இல்லை என்பதுதானே வயிற்றெரிச்சல்.

அந்த வாரமே மகளிடமிருந்து செய்தி வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. 'ஞாயித்துக்கிழமை காலையில வீடியோவுல கூப்பிடுறேன். உங்க பேத்தி உங்களைப் பாக்கணுங்கிறா. எடுத்தா பேசலாம். எடுக்கலைன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.'

படித்துப் படித்து அவருக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. பதில் மட்டும் எழுதவில்லை. இத்தனை நடந்த பிறகு என்னவென்று எழுதுவது? முகத்தைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருந்துவிட்டார். சனிக்கிழமை படுக்கப்போகும்போது, பேசிக்கொண்டிருக்கையில் சார்ஜ் போய்விடக்கூடாதே என்று போனை அணைத்து, ஒயரைச் செருகி வைத்தார்.

ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாய்ச் சம்பந்தி குடும்பத்தோடு வந்து இறங்கினார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர்கள், காபி குடித்த கையோடு ஆளுக்கொரு போனை நோண்ட உட்கார்ந்தார்கள். சாவிக்காரர் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தார். 'ஐ.பி. முகவரியைப் பெறுகிறது' என்று காட்டியது. காட்டிக்கொண்டே இருந்தது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ராத்திரி முழுக்க போன் அணைந்து கிடந்ததில் இவர் நம்பர் பறிபோயிருந்தது. கூடத்தில் நாலு பேர், இருந்த நாலு நம்பரும் போய்விட்டது. வீட்டில்தான் நெட்டு இருக்கிறதே என்று, போனுக்குத் தனியாகப் போட்டுவந்த ரீசார்ஜையே மகன் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான்; சாதா காலும் கிடையாது.

கூடத்துக்கு ஓடினார். "டேய், எனக்கு நம்பர் கிடைக்கல. ஒண்ணைக் காலி பண்ணிக் குடுடா."

"இப்பவாப்பா? அப்படி யாரோட பேசணும்?"

சம்பந்தி போனிலிருந்து நிமிர்ந்தார். "அதானே, யாருங்க சம்பந்தி? அவசரமா?"

மருமகளும் பார்த்தாள். என் மகளோடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"யாருமில்ல," என்றார். "சும்மாதான்."

"அப்ப சாயங்காலம் பாத்துக்கலாம்பா."

கூட்டுகிற மிஷின் வந்து அவர் காலில் முட்டி, திரும்பிப் போனது. அறைக்கு வந்து போனைக் கையில் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் கிளம்பிப் போன ஒரு மணி நேரத்தில் போன் தானாகவே உயிர் பெற்றது. மகள் விடாமல் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். கடைசியில் ஒரு செய்தி. 'சாவி அங்கதாம்ப்பா தொங்கிட்டிருக்கும். எனக்குத்தான் இல்ல.' பக்கத்திலிருந்த அவள் படம் காணாமல் போயிருந்தது. 'நான் இங்கதாம்மா இருந்தேன்' என்று எழுதி அனுப்பினார். அது போய்ச் சேரவே இல்லை. கூப்பிட்டார், மணி அடிக்கவில்லை. மகள் அவரை பிளாக் செய்துவிட்டிருந்தாள்.

மகன் சிரித்த முகமாக உள்ளே வந்தான். "உங்களுக்கும் நிரந்தரமா ஒண்ணு போட்டுட்டேம்ப்பா. இனிமே எவன் வந்தாலும் உங்க நம்பரைத் தொட முடியாது. ஆமா, காலையில யாரோட பேசணும்னு அப்படிப் பறந்தீங்க?"

"உன் தங்கச்சியோடடா!" வீடு அதிரக் கத்தினார். "நான் பெத்த பொண்ணோட!"

மகன் வெலவெலத்துப் போனான். எட்டிக் கூடத்தைப் பார்த்துவிட்டு அறைக்கதவைச் சாத்தினான்.

"மெதுவாப்பா, அவ காதுல விழுந்துடப் போகுது."